பல்வலிக்காரியின் இரண்டு நாள்

எங்கள் பிஸ்கட் கம்பெனியில், பேக்கிங் மேசையில் எனக்குப் பக்கத்தில் நிற்பவளுக்குப் பல்வலிக்காரி என்று பெயர். அவளுக்கு ஒரு நாளும் பல் வலித்ததில்லை. கல்லைக் கொடுத்தாலும் கடித்துத் தின்பாள்.

அவளுக்கு இருந்த வலி வேறு. கல்யாணமாகி ஐந்து வருடம், குழந்தை இல்லை. புருஷன் லிஃப்ட் மெக்கானிக், விடியுமுன் கிளம்புகிறவர். எங்களுக்கோ சாயங்கால ஷிப்ட். இவள் வீட்டுக்குப் போகும்போது அவர் குறட்டை விடுவார், அவர் கிளம்பும்போது இவள் விடுவாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் புருஷன் பெண்டாட்டி. அன்றைக்கென்று எங்காவது ஒரு லிஃப்ட் நடுவில் நின்று தொலையும்.

டாக்டரம்மா இருவரையும் சோதித்துப் பார்த்தார். "ரெண்டு பேருக்கும் ஒரு குறையும் இல்ல. கருமுட்டை வெளியே வர்றதுக்கு முந்தின ரெண்டு நாள்தான் ரொம்ப முக்கியம், அதை மட்டும் விட்டுடாதீங்க" என்றார். வீட்டிலேயே சிறுநீரில் நனைத்துப் பார்க்கிற பட்டை ஒன்றையும் வாங்கச் சொன்னார். அதில் இரண்டு கோடும் பளிச்சென்று தெரிந்தால் முட்டை வரப்போகிறது என்று அர்த்தம். எல்லாம் சரியாகச் செய்தாலும் ஒரு மாதத்தில் கரு நிற்க நாலில் ஒரு வாய்ப்புதான் என்றாராம்.

"நாலு பாக்கெட்ல மூணு வீணாப்போனா இந்த மெஷினை என்னைக்கோ பழைய இரும்புக்குப் போட்டிருப்பாங்க" என்றேன். அவள் சிரிக்கவில்லை.

கோடு தெரிந்தால் இரண்டு நாள் காலை ஷிப்ட் வேண்டும். அப்போதுதான் சாயங்காலம் வீட்டில் இருக்க முடியும். இதை சூப்பர்வைசரிடம், அதுவும் ஓர் ஆம்பளையிடம், எந்த வாயால் கேட்பது? "பல்லு வலிக்குது சார், டாக்டர் சாயங்காலம்தான் பார்ப்பாரு" என்று அளந்தாள். முதல் மாதம் கொடுத்தார். அடுத்தடுத்த மாதமும் அதே பல், அதே வலி. பெயர் அப்படி வந்ததுதான்.

நாலாவது மாதம் மனுஷன் உருகிவிட்டார். அவருடைய மச்சான் பல் டாக்டராம். கையோடு அவரே கூட்டிக்கொண்டு போனார். எங்கே வலிக்கிறது என்று மச்சான் கேட்க, இவள் குத்துமதிப்பாகக் கடைசிப் பல்லைக் காட்டினாள். அது ஏற்கெனவே கோணலாக முளைத்தது. பிடுங்கிவிட்டார். கோடு தெரிந்ததும் அன்றைக்குத்தான். வீங்கிய கன்னத்தோடு இவள் கட்டிலில், ஐஸ் கட்டியோடு புருஷன் பக்கத்தில். இரண்டு நாளும் அப்படியே போயின.

"ஏண்டி, சொன்ன பொய்க்காக யாராவது பல்லைக் குடுப்பாங்களா?" என்று திட்டினேன்.

அடுத்த மாதமும் சூப்பர்வைசர் முன்னால் போய் நின்றாள்.

"அதான் புடுங்கியாச்சேம்மா?"

"இது அந்தப் பக்கம் சார்."

"அப்படியா? இரு, மச்சானுக்குப் போன் போடறேன்."

போனைக் காதில் வைத்தே விட்டார். இவள் பேக்கிங் மேசையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாம் சார். எனக்குப் பல்லெல்லாம் வலிக்கல. எனக்குக் குழந்தை வேணும். நாளைக்கும் நாளன்னைக்கும் சாயங்காலம் நான் வீட்ல இருக்கணும்."

மேசையில் ஒரு கையும் அசையவில்லை. சூப்பர்வைசர் காது வரை சிவந்து, ஷிப்டை மாற்றிக் கொடுத்துவிட்டு ஓடியே போனார்.

எங்கள் ஆட்கள் அதோடு விடுவார்களா? மறுநாள் காலை ஷிப்ட் முடிந்து அவள் வெளியே வர, நாங்கள் உள்ளே போகிற நேரம். ஒருத்தி பாதாம் பருப்பைக் கையில் திணித்தாள். இன்னொருத்தி, எல்லாம் முடிந்ததும் காலைத் தூக்கிச் சுவரில் வைத்துக்கொள்ளச் சொன்னாள். கூட்டிப்போக வந்திருந்த புருஷனைப் பார்த்து வாட்ச்மேன் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். மனுஷன் கூனிக்குறுகிப் போனார். அன்று ராத்திரி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தவர் திரும்பவே இல்லையாம். "கம்பெனியே நின்னு பார்க்கற மாதிரி இருக்கு" என்றாராம். அவரைத் தேற்றவே அடுத்த நாளும் சரியாகப் போயிற்று.

அந்த மாதமும் விலக்காகிவிட்டாள். உடை மாற்றும் அறையில் உட்கார்ந்து அழுதாள். எனக்கு ஆறுதல் சொல்ல வராது. பக்கத்தில் உட்கார்ந்து, அவள் தலையில் இருந்த பிஸ்கட் தூளைத் தட்டிவிட்டேன்.

திங்கட்கிழமை போர்டில் அவள் பெயர் காலை ஷிப்டில் இருந்தது, மாதம் முழுக்க. ஏதோ தப்பு என்று நினைத்து என்னையும் இழுத்துக்கொண்டு போய்க் கேட்டாள்.

"சார், நான் ரெண்டு நாள்தானே கேட்டேன்?"

"இருக்கட்டும்மா. நாள் பார்த்தே உன் வீட்டுக்காரத் தம்பி பயந்து போயிருக்கான்" என்றார். பிறகு எங்கள் முகத்தைப் பார்க்காமலே சொன்னார். "எனக்கும் கல்யாணமான புதுசுல நைட் ஷிப்ட், என் வீட்டுக்காரிக்குப் பகல். மாத்திக் குடுங்கன்னு கேட்கக் கூச்சப்பட்டுக்கிட்டே வருஷம் ஓடிப்போச்சு. இப்ப ரெண்டு பேரும் ஒரே நேரத்துக்கு வீட்டுக்கு வர்றோம். கதவைத் தொறக்க உள்ள யாரும் இல்ல."