ஆகாயத்தில் மூன்று மணி நேரம்

மாரமங்கலத்து மாதையன் தம் வாழ்நாளில் தூரத்தைக் கிலோமீட்டரில் கூறியவர் அல்லர். ஏற்காடு எவ்வளவு தொலைவு என்றால், "பஸ்ஸுல ஒரு மணி நேரமுங்க, நடந்தாப் பொழுது சாஞ்சிரும்" என்பார். எதிர்மலையிலுள்ள அவருடைய மிளகுத் தோட்டம் கூப்பிட்டால் கேட்கும் தூரந்தான். ஆனாலும் பள்ளத்தைச் சுற்றிக்கொண்டு அரைநாள் நடந்தே அங்குச் செல்வார். அத்தகையவர் ஏமாந்ததுதான் எனக்கு இன்றும் ஆறவில்லை.

அவருடைய மகள் தீபிகா போர்ட் பிளேரில் வாழ்கிறாள். மகன் மாதேஷ் இலட்சத்தீவின் அகத்தியில் விடுதிச் சமையற்காரன். சென்ற ஆண்டு பேத்திக்குப் போர்ட் பிளேரிலேயே காது குத்த நாள் பார்த்தார்கள். தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும். மாதேஷுக்கோ மூன்று நாள் விடுப்புத்தான். மாதையன் இரண்டு விமான நிலையங்களின் பெயர்களையும் கைப்பேசியிடம் சொல்லிக் கேட்டார். இரண்டாயிரத்து இருநூற்றுச் சொச்சம் கிலோமீட்டர், ஏறத்தாழ மூன்று மணி நேரம் என்று விடை வந்தது. கூடவே வரைபடத்தில் ஒரு நேர்கோடு, சேலத்தை ஒட்டியபடி.

"பாத்தீங்களா வாத்தியாரய்யா, நம்ம தலைக்கு மேலதான் போறான்!"

"நேராப் போற விமானம் இருக்குதான்னு விசாரிச்சீங்களா?" என்று கேட்டேன்.

"ஏனுங்க, ஆகாசத்துல கொண்டை ஊசி வளைவா இருக்குது?"

மாதேஷ் வந்துவிடுவான் என்று அன்றே சம்பந்தி வீட்டாருக்கு வாக்குக் கொடுத்துவிட்டார். அவர்களும் சேலத்திலிருந்து செல்லப் பயணச்சீட்டு எடுத்துவிட்டார்கள். அதன் பின்னரே மாதேஷ் அழைத்தான்.

"நேர் ஏரோப்ளேனே கெடையாதுங்கப்பா. கொச்சி போயி, சென்னை போயி, அப்பறந்தான் போர்ட் பிளேரு. போய்ச் சேரவே ரெண்டு நாளாவும்."

"மூணு மணி நேரம்னு போட்டிருக்குதேடா!"

"அது பறந்தா ஆவுற நேரமுங்கப்பா. பறக்கோணுமில்ல?"

ஆராயி கணவரை விடவில்லை. "ஊருக்கெல்லாம் வழி சொல்ற மனுசன், பெத்த பையனுக்கு இல்லாத வழியச் சொல்லிட்டீங்களே!"

நாளைத் தள்ளிவைக்குமாறு மாதையன் மருமகனிடம் மன்றாடினார். "எல்லாரும் லீவு போட்டாச்சுங்க மாமா. எங்கண்ணன் மடியில வெச்சுக் குத்திக்கிறோம்" என்று அவர் முடித்துவிட்டார். மாதேஷின் விடுதி மேலாளரோ நான்காம் நாளையே தர மறுத்தார். மாதையன் கைப்பேசியிடம் மீண்டும் மீண்டும் கேட்டார். அது சலிக்காமல் அதே மூன்று மணி நேரத்தைச் சொன்னது. "பொய் சொல்லலீங்க, உண்மையுஞ் சொல்லல. இதை எங்க போயி மொத்தறது?" என்று என்னிடம் குமுறினார்.

காப்பிப் பழம் பறிக்கும் பருவமாதலால் பெற்றோர் இருவரும் மலையை விட்டுச் செல்ல இயலவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை காணொளி அழைப்பு வந்தபோது நானும் அங்கிருந்தேன். பெரியப்பன் மடியில் குழந்தை வீறிட்டது. கைப்பேசியை ஆராயி பிடித்திருந்தார். மாதையன் முதுகைக் காட்டிக்கொண்டு, களத்தில் காய்ந்த பழங்களைக் காலால் கிளறியபடி நின்றார்.

"அப்பா, பாத்தீங்களா?" என்றது தீபிகாவின் குரல்.

"பாத்தேன் கண்ணு," என்றார் மாதையன், திரும்பாமலே. "நல்லா இருந்துச்சு."