வாசலில் வைத்த கணப்பு

வல்லத்திலிருந்து தயிர் கொண்டுவரும் முனியம்மா கூடையை இறக்காமலே சொன்னாள்: "உங்க பள்ளிக்கூடத்து லோகா டீச்சர் காத்தால போயிட்டாங்கம்மா. மூச்சு எரைப்புதான்." அடுத்த அறையில் என் மகள் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. ஆனாலும் ஓடிப்போய் அவள் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தேன். லோகநாயகி டீச்சரோடு வேலை பார்த்தவர்களும் அவரிடம் படித்தவர்களும் இதைப் படிப்பீர்கள். அந்த விரலுக்கு ஒரு காரணம் உண்டு.

அவர் சரித்திரம் நடத்தினார், நான் கணக்கு. ஆசிரியர் அறையில் அவருக்கு எப்போதும் வாசலை ஒட்டிய நாற்காலிதான். சாரல் அடித்தாலும் நகரமாட்டார். "மணி அடிச்சதும் முதல்ல ஓடறதுக்கா அக்கா?" என்று சீண்டுவோம். "ஆமாண்டி, ஓடறதுக்குத்தான்" என்பார்.

ஆதிமனிதன் பாடம் வந்தால் வகுப்பையே கோட்டை மலையடிக்கு அழைத்துப் போவார். ஒருமுறை துணைக்கு நானும் போனேன். கூரைபோல் கவிந்த ஒரு பாறையின் அடியில் கரி படிந்திருந்தது. "ஆதிமனுஷன் புகையா டீச்சர்?" என்றாள் ஒருத்தி. "இல்லடி, எங்க நைனா ஆடு மேய்க்க வந்தப்போ கஞ்சி காய்ச்சினது" என்றாள் இன்னொருத்தி. எல்லாரையும்விட டீச்சர்தான் அதிகம் சிரித்தார்.

ஆளுக்கொரு துண்டு பச்சைக் கிழங்கைக் கொடுத்து மெல்லச் சொன்னார். பிறகு சுட்டதைக் கொடுத்தார். "நாளெல்லாம் மென்னுகிட்டே கெடந்தவனுக்கு, சுட்டுத் தின்னதும் வாய்க்கு ஓய்வு கெடைச்சுது. அப்புறந்தான் பேச்சு, கதை எல்லாம்."

"எங்க அத்தை வெத்தலைய மென்னுகிட்டே பேசுதே டீச்சர்?"

"அது ஆதிமனுஷனையும் தாண்டின ஆளு."

சிரிப்பு அடங்கியதும் கேட்டார்: "குளிருக்கு நெருப்ப எங்க வெச்சிருப்பாங்க?"

"நடுவுல டீச்சர். எல்லாருக்கும் சூடு வரும் இல்ல?"

"வாசல்ல. மிருகம் உள்ள வராது, புகை வெளிய போகும். நெருப்பு காவலும் காக்கும், ஆளையும் தின்னும். அத எப்படிக் கத்துக்கிட்டிருப்பாங்க, சொல்லுங்க?"

"கையச் சுட்டுக்கிட்டு டீச்சர்" என்றாள் ஒருத்தி.

"யாராவது எழுந்திரிக்காம போயிருப்பாங்க" என்று சொல்லிவிட்டு, சுட்ட கிழங்கின் சாம்பலைத் தட்டத் திரும்பிக்கொண்டார். பாடத்தில் இல்லாத வரி அது. அவர் கற்பனை என்று நினைத்தேன்.

அடுத்த மார்கழியில் என் மகள் மாதம் நிறையாமல் பிறந்தாள். உள்ளங்கையில் அடங்குகிற பிள்ளை. கடைத்தெருவில் எங்கள் மளிகைக் கடைக்குப் பின்னாலேயே வீடு. பிள்ளை பெற்றவளுக்குக் காற்றுப் படக்கூடாதென்று மாமியார் ஜன்னலைச் சாத்தி, இடுக்கில் துணி திணித்து, கட்டிலுக்குக் கீழே கரிக் கணப்புச் சட்டியை வைத்தார். காலையில் தலை பிளந்தது. குழந்தை பால் குடிக்கவில்லை, அழவும் இல்லை. "சமத்தாத் தூங்குது" என்றார் மாமியார். எனக்கு எழுந்து உட்காரவும் முடியவில்லை.

பள்ளிக்குப் போகிற வழியில் என்னைப் பார்க்க வந்த டீச்சர் அறை வாசலிலேயே நின்றுவிட்டார். முகம் வெளுத்திருந்தது. மறுகணம் குழந்தையை வாரி வெளியே மாமியார் கையில் கொடுத்தார், என்னை இழுத்துப் போட்டார், முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு கணப்பை வாசலுக்குத் தள்ளினார்.

"பச்ச ஒடம்பு, ஜன்னி வந்துடும்! இன்னா டீச்சரம்மா, நீ பெத்திருக்கியா?" என்று மாமியார் கத்தினார்.

"பெக்கல பெரியம்மா. ஆனா பொறந்திருக்கேன் இல்ல?" சொல்லிக்கொண்டே ஜன்னல் இடுக்கிலிருந்த துணியைப் பிடுங்கி எறிந்தார்.

முற்றத்துக் காற்றில் குழந்தை வீறிட்டு அழுதது. குளிர் போகும்வரை தினமும் காலையில் வந்து, குழந்தையின் மூக்கருகே விரல் வைத்து, கணப்பு வாசலில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பள்ளிக்குப் போனார்.

வல்லத்தில் டீச்சரின் சடங்கெல்லாம் முடிந்து உட்கார்ந்திருந்தபோது அவருடைய சித்தியிடம் இதைச் சொன்னேன். கிழவி என் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"அவ சொல்லலியா? அவ அம்மா, எங்க அக்கா, ஆம்பளப் புள்ள பெத்துட்டுப் படுத்திருந்தா. நாங்கதான் கதவச் சாத்தி, கணப்பு வெச்சோம். தம்பி வந்ததும் அம்மா பக்கத்துல எடமில்லன்னு கோவிச்சிக்கிட்டு, இவ கதவாண்ட போய்ப் படுத்துக்கிட்டா. கதவிடுக்குல காத்து வருமே, அங்க. விடிஞ்சி பாத்தா, இவ மட்டுந்தான் எழுந்தா. அம்மாவ எழுப்பிக்கிட்டே இருந்தா."

மலையடியில் அவர் திரும்பிக்கொண்டது எனக்கு இப்போதுதான் விளங்கியது. சாத்திய என் அறைக்குள் அவர் எதைப் பார்த்து முகம் வெளுத்தார் என்பதும்.

மகள் தூங்கிய பிறகு இதை எழுதுகிறேன். அவரிடமிருந்து என்னிடம் தங்கியவை கொஞ்சம்தான். ஜன்னலை நான்கு விரற்கடை திறந்தே வைக்கிறேன். கணப்பை வாசலுக்கு வெளியே வைக்கிறேன். அப்புறம் ஒன்று. வல்லத்திலிருந்து வந்த நாள் முதல், அறை வாசலைக் கடக்கும்போது என் கால் தானாக அகலமாக எட்டி வைக்கிறது. "இன்னாம்மா தாண்டுற? கீழ ஒண்ணுமில்லையே?" என்று மகள் நேற்றுக் கேட்டாள்.

கோபித்துக்கொண்டு ஒரு சிறுமி அங்கே படுத்திருக்கிறாள் என்று அவளிடம் எப்படிச் சொல்வேன்? மிதிக்காமல் வா என்றேன். அவளும் தாண்டி வந்தாள்.