எனக்கு முன்னால் போன பெட்டி

எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பு எஸ்.எஸ்.சி. சோதனைக்காகத் திருகோணமலைப் பட்டினத்துக்குப் போனது என்னுடைய தகரப் பெட்டிதான். நான் போகவில்லை. சின்னம்மா இருந்தவரை, "பெட்டி பாஸ் பண்ணிட்டுதாமோ?" என்று கேட்டுக் கேலி செய்வார். நானும் சிரிப்பேன். சிரித்துவிட்டுக் குசினிக்குள் போய் ஏதாவது பாத்திரத்தைச் சத்தமாக வைப்பேன்.

ஈச்சிலம்பற்றில் அப்போது எங்கள் பள்ளிக்கூடம் எட்டாம் வகுப்போடு முடிந்துவிடும். அதற்குமேல் ஆண்பிள்ளை வயலுக்கு, பெண்பிள்ளை அடுப்படிக்கு. நான் இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தேன். மூன்றாம் நாள் அப்பா வண்டியில் மாட்டைப் பூட்டி, என்னை மூதூருக்குக் கூட்டிக்கொண்டுபோய்ச் சின்னம்மா வீட்டில் விட்டார். சித்தியடைந்தால் ஆசிரியையாகலாம், திரும்பி வந்து எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு எட்டுக்கு மேலும் படிப்பிக்கலாம் என்பதுதான் என் கணக்கு. வேறு எந்த ஆசையும் அந்த வயதில் எனக்கு இருக்கவில்லை.

படிப்பு மூதூரில் இருந்தாலும் எங்களுக்குச் சோதனை மண்டபம் விரிகுடாவுக்கு அப்பால் பட்டினத்தில்தான். பள்ளிக்கூடம் விட்டதும் லாஞ்சுப் படகுகள் கட்டும் ஜெட்டிக்குப் போய் நிற்பேன். அக்கரையில் மலையும் கட்டடங்களும் கப்பல்களும் தெரியும். அதில் எந்தக் கட்டடத்தில் இருந்து நான் எழுதப் போகிறேன் என்று எனக்கு நானே ஒன்றைத் தெரிவுசெய்து வைத்திருந்தேன். அது சுங்கக் கட்டடம் என்பது பிறகுதான் தெரிந்தது.

சோதனை மார்கழி மாதத்தில், ஒரு திங்கட்கிழமை. அப்பா வியாழக்கிழமையே பஞ்சாங்கத்தோடு வந்துவிட்டார். வெள்ளி காலை ஒன்பதரைக்குத்தான் பயணத்துக்கு நல்ல நேரம், சனியும் ஞாயிறும் கூடாது என்றார். எனக்கோ வெள்ளி பின்னேரம் கடைசிக் கேத்திரகணித வகுப்பு, முக்கோணத் தேற்றங்கள். அதை விட்டுவிட்டு வரமாட்டேன் என்று நான்தான் அடம்பிடித்தேன். அந்தப் பங்கு என்னுடையது, அதை நான் அப்பாவின் தலையில் கட்டியதில்லை.

இதற்கு எங்கள் ஆட்களிடம் ஒரு வழி உண்டு. நல்ல நேரத்தில் ஆள் புறப்பட முடியாவிட்டால் அவருடைய பொருள் ஒன்றை அந்த நேரத்துக்கு வெளியே அனுப்பிவிட வேண்டும். பயணம் தொடங்கிவிட்டதாகக் கணக்கு. பிறகு ஆள் எந்த நேரமும் போகலாம். மற்றவர்கள் ஒரு சீலையைக் கொண்டுபோய் அடுத்த வீட்டில் வைப்பார்கள். என் அப்பா அரைகுறை வேலை செய்கிறவரல்ல. பெட்டியையே லாஞ்சில் ஏற்றிக் கடல் கடத்தி, பட்டினத்தில் தெரிந்தவர் வீட்டில் சேர்க்கச் சொல்லிவிட்டார். உள்ளே என் வெள்ளைச் சட்டை, பேனை, அனுமதி அட்டை.

"ஐயோ அத்தான், அட்டையை எண்டாலும் எடுங்கோவன்," என்றார் சின்னம்மா.

"அட்டை இல்லாமப் பெட்டி போனா அது சோதனைக்குப் போற பயணமோ? கலியாணத்துக்குப் போற பயணமோ?" என்றார் அப்பா.

பெட்டி ஒன்பதரைக்குப் போனது. நான் பின்னேரம் வகுப்புக்குப் போனேன்.

அன்று இரவே வாடைக்காற்று கிளம்பிவிட்டது. சனி காலை ஜெட்டியில் அலை பலகைக்கு மேலால் ஏறி விழுந்தது. லாஞ்சு ஓட்டும் முஸ்லிம் அண்ணர், எங்களுக்கெல்லாம் நானா, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு கடலைப் பார்த்தபடி நின்றார்.

"இண்டைக்கு ஏலாது புள்ள. நாளைக்குக் காத்து அடங்கினாப் பாப்பம்."

ஞாயிறும் அடங்கவில்லை. தரைவழியாகச் சுற்றிப்போகலாம் என்று அப்பா ஓடித் திரிந்தார். அந்தப் பக்கமெல்லாம் ஆறு பெருகி, துறைகளில் தோணிகூட ஓடவில்லை. திங்கள் காலை மழை விட்டு வெளித்தது. கடல் மட்டும் அடங்கவில்லை. அக்கரை கழுவித் துடைத்தது போலத் தெரிந்தது. நானும் அப்பாவும் ஜெட்டியில் நின்றோம். ஒன்பது மணி அடித்திருக்கும், கேள்வித்தாள் கொடுத்திருப்பார்கள், இப்போது முதலாம் கேள்வியை வாசிப்பார்கள் என்று நான் ஒவ்வொன்றாக நினைத்துக்கொண்டு நின்றேன். எனக்கு அழுகை வரவில்லை. அப்பாதான் அழுதார்.

"அடுத்த வருஷம் எழுதலாம் பிள்ளை," என்றார்.

அடுத்த வருடம் என்பது பெண்பிள்ளைகளுக்கு வராத வருடம். தைக்குள் எனக்குக் கலியாணம் பேசிவிட்டார்கள். அதற்கும் நல்ல நேரம் பார்த்தார்கள்.

பத்து நாள் கழித்து லாஞ்சுக்கார நானா பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு வந்து தந்தார். திறந்தால் சட்டை மடிப்புக்கூடக் கலையாமல் கிடந்தது. அனுமதி அட்டையை அந்தச் சட்டைக்குள்ளேயே விட்டுவிட்டேன். பார்க்கத் தேவையில்லை, விடைத்தாளின் மேல் மூலையில் எழுதவேண்டிய சுட்டெண் எனக்கு மனப்பாடம்.

கலியாணம் முடித்து ஊருக்கே திரும்பினேன். மகள் ஆறாம் வகுப்புக்கு வந்தபோது, பள்ளிக்கூடத்தில் பத்தாம் வகுப்பு வேண்டும் என்று ஊர் சேர்ந்து மனுப் போட்டது. வீட்டுக்கு வீடு மரமும் கிடுகும் கொடுத்துக் கொட்டிலும் போட்டோம். வகுப்பு வந்தது. சோதனை மண்டபம் வரவில்லை. ஒருநாள் கல்வி அதிகாரி ஒருவர் வந்து கூட்டம் வைத்து, "மூதூருக்குப் போய் எழுதினால் என்ன?" என்று கேட்டார். மூதூரில் அப்போது மண்டபம் வந்திருந்தது. நான் எழும்பி என் பெட்டியின் கதையைச் சொன்னேன். சனம் விழுந்து விழுந்து சிரித்தது. அதிகாரி சிரிக்கவில்லை.

"மாரியில இந்த ரோட்டு எப்பிடி அம்மா?" என்று மட்டும் கேட்டார்.

"இடுப்பளவு தண்ணி ஐயா."

அவர் குறித்துக்கொண்டார். பிறகும் நாலைந்து மனுப் போட்டோம். மகள் பத்தாம் வகுப்பு முடிக்கிற வருடம் எங்கள் ஊரிலேயே மண்டபம் வந்தது.

சோதனை நாளன்று என் வீட்டுக்காரர் பஞ்சாங்கத்தை விரித்தார். "எட்டேமுக்காலுக்குப் பிறகு வெளிக்கிட்டா நல்லது."

"சோதனை எட்டரைக்கு," என்று சொல்லி மகளைப் படலைக்கு வெளியே விட்டேன். அவள் அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தே போனாள். வளைவில் மறையும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். சந்தோசமாகத்தான் இருந்தது. அதற்குள் ஒரு பொறாமையும் இருந்தது, பெற்ற மகள்மேல். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

கணிதச் சோதனை அன்று அவள் கேள்வித்தாளைக் கதிரையில் போட்டுவிட்டுக் கிணற்றடிக்குக் குளிக்கப் போனாள். நான் ஈரக் கையைச் சீலையில் துடைத்துவிட்டு அதை எடுத்தேன். புதுக் கணக்குகள் பலதும் எனக்கு விளங்கவில்லை. ஆனால் முக்கோணம் முக்கோணம்தானே. அந்த வெள்ளிக்கிழமை பின்னேரம் படித்த தேற்றம் அப்படியே வந்திருந்தது. அவளுடைய கொப்பியில் ஒரு தாளைக் கிழித்து, படம் கீறி, நிறுவலைக் கடைசி வரி வரைக்கும் எழுதினேன். அடுப்பில் சோறு அடிப்பிடித்த மணம் வந்தது. நான் எழும்பவில்லை.

மகள் தலை துவட்டிக்கொண்டு வந்து தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள்.

"சரியாத்தான் செய்திருக்கிறீங்கள்," என்றாள். பிறகு தாளின் மேல் மூலையைத் தொட்டுக் காட்டினாள். "ஆனா அம்மா, இது என்ர சுட்டெண் இல்லையே."

"ஓம் பிள்ளை," என்றேன். "இது என்ர."