நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம் வரை

புத்தகம் சொல்கிறவள் என்று எங்கள் ஷூ கம்பெனியில் எனக்கு ஒரு பேர் உண்டு. நானாகத் தேடிக்கொண்ட வம்பு அது. ரம்ஜானோ தீபாவளியோ கிறிஸ்துமஸோ, லீவு விடுவதற்குப் பத்து நாள் முன்பே ஆரம்பித்துவிடுவார்கள். “ஸ்வீட் பாக்ஸ் எல்லாருந்தான் குடுக்கறாங்க. ஒரு புக்கு சொல்லுக்கா” என்பார்கள். நானும் பெரிய டாக்டர் மாதிரி விசாரிப்பேன். வாங்கிக்கொள்ளப் போகிறவர் பஸ்ஸில் தூங்குகிற ஆளா, ஜன்னலில் வேடிக்கை பார்க்கிற ஆளா? சீரியல் பார்த்து அழுவாரா, அழுகிறவர்களைப் பார்த்துச் சிரிப்பாரா?

சிலது நன்றாகவே அமைந்திருக்கிறது. எங்களில் ஒருத்தியின் தங்கை அரக்கோணத்திலிருந்து தினமும் ரயிலில் சென்னைக்கு வேலைக்குப் போகிறாள். அவளுக்கு, இரண்டு ஸ்டேஷனுக்குள் முடிந்துவிடுகிற குட்டிக் கதைகளாகப் பார்த்துச் சொன்னேன். பேக்கிங் செக்‌ஷன் பாய், ரம்ஜானுக்குத் தன் மகளுக்கு நட்சத்திரங்களைப் பற்றிய புத்தகம் வாங்கிக் கொடுத்தார். வீட்டில் எல்லாரையும் மொட்டை மாடிக்கு இழுத்துக்கொண்டு போய்ப் பேஜார் பண்ணுகிறாள் என்று சந்தோஷமாகப் புகார் சொன்னார். திமிரியில் நிலம் வைத்திருக்கும் ஒருவருக்கு அவருடைய மருமகள் என் பேச்சைக் கேட்டு மாட்டு வைத்தியப் புத்தகம் கொடுத்தாள். முதலில் முறைத்தாராம். இப்போது அதை யாரையும் தொட விடுவதில்லையாம்.

ஆனால் நான் பயந்தாங்கொள்ளி. சொல்லிவிட்டு அந்த லீவு முழுக்க நிம்மதி இருக்காது. பிடித்ததோ இல்லையோ, தண்டத்துக்கு வாங்க வைத்தாள் என்று திட்டுவார்களோ என்று உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருக்கும். புடவை பிடிக்காவிட்டால் பெட்டியில் வைத்துவிடலாம். படித்ததை எங்கே வைப்பது? இவ்வளவு தெரிந்தும் யாராவது கேட்டால் வாய் சும்மா இருப்பதில்லை.

போன வருஷம் தீபாவளிக்கு முன்பு என் தோழியின் வீட்டுக்காரர் கம்பெனி வாசலில் வந்து நின்றார். சாப்பாட்டு நேரம். தோழி எங்கள் லைன் சூப்பர்வைசர். பதினைந்து வருஷமாக ஒரே லைனில் இருக்கிறோம். அவளும் என்னை மாதிரிப் படிக்கிறவள்தான். மூன்று வருஷத்துக்கு முன்பு, மழைக்காலத்தில், அவளுடைய ஒரே மகன் ஜுரத்தில் போய்விட்டான். ஒன்பது வயது. நாலே நாள் ஜுரம். அதற்குப் பிறகு அவள் ஒரு பக்கம்கூடப் படித்து நான் பார்க்கவில்லை. மகனைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசியதில்லை. நாங்களும் அவள் எதிரில் எங்கள் பிள்ளைகளைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டோம்.

“புடவ எடுத்தா தொடமாட்டேன்றாம்மா. பட்டாசு சத்தம் கேட்டாலே கதவ சாத்திக்கினு உக்காந்துடறா,” என்றார் அவர். “முன்ன புக்கு புக்குன்னு கெடப்பா. இந்த வாட்டி ஒண்ணு வாங்கிக் குடுத்துப் பாக்கலாம்னு. எனக்கு இன்னா தெரியும்? நீங்கதான் சொல்லணும்.”

தோல் மிஷினில் வேலை செய்து காய்த்துப்போன கையில் போனைப் பிடித்துக்கொண்டு, நான் சொல்லப் போவதை ரெக்கார்ட் பண்ணத் தயாராக நின்றார். அதைப் பார்த்த உருக்கத்தில் யோசிக்காமல் ஒரு நாவல் பேரைச் சொன்னேன். ரயில்வே கேட் பக்கத்தில் இட்லிக் கடை போடுகிற ஒரு அம்மாவின் கதை. வாய்த்துடுக்கான அம்மா. அவளைவிட வாய் நீண்ட ஒரு பையன். ஐந்து வருஷத்துக்கு முன்பு படித்து வயிறு வலிக்கச் சிரித்தது நினைவில் இருந்தது. “சிரிப்பாண்ணா, பாருங்க” என்று வேறு சொன்னேன்.

தீபாவளிக்கு முந்தின நாள் மத்தியானம் முறுக்குக்கு எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. சும்மா நிற்கிற நேரத்தில் அந்த நாவலின் என் பிரதியை எடுத்தேன். என் தோழி எந்த இடத்தில் சிரித்திருப்பாள் என்று பார்க்க ஆசை. எனக்கு ஒரு பழக்கம் உண்டு. நான் செக்கர். ஷூவில் எங்கே குறை இருக்கிறதோ அங்கே சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டுவது என் வேலை. அதில் நாலு ஸ்டிக்கர் வீட்டுக்கும் வந்துவிடும். பிடித்த வரி வந்தால் புத்தகத்தில் ஒட்டுவேன். அந்த நாவலின் பின்பாதியில் ஒரே ஒரு அம்புதான் இருந்தது. அந்தப் பக்கத்தைப் படித்தேன்.

பையன் செத்துப்போகிற இடம். ஜுரத்தில். அருமையாக எழுதியிருக்கிறார் என்று நானே அம்பு ஒட்டி வைத்திருக்கிறேன்.

இதை எப்படி மறந்தேன்? படித்தபோது தோழியின் மகன் இரண்டாம் வகுப்பில் இருந்தான். அப்போது எனக்கு அது வெறும் கதை. ஒரு சாயங்காலம் அழுதுவிட்டு மறந்திருக்கிறேன். இட்லிக் கடையும் கேலிப் பேச்சும்தான் மனதில் தங்கியிருக்கின்றன. ஒரு ஜோடி ஷூவை நாலு பக்கமும் திருப்பிப் பார்க்காமல் கை தாண்ட விட மாட்டேன். அவளுக்கு மட்டும் எதைப் பாஸ் பண்ணி அனுப்பியிருக்கிறேன்! எண்ணெய் புகைந்து பக்கத்து வீட்டுக்காரி குரல் கொடுத்த பிறகுதான் அடுப்பை அணைத்தேன்.

அவள் வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். ஐந்தாவது தடவைதான் எடுத்தார்.

“அண்ணா, அந்த புக்கக் குடுத்துட்டீங்களா?”

“நேத்தே குடுத்துட்டேம்மா! காலையிலேர்ந்து அதுலயேதான் இருக்கா. சோத்த வடிக்க மறந்துட்டா. நான்தான் வடிச்சேன். சிரிச்சாம்மா. சத்தம் போட்டு சிரிச்சா. நான் வெளிய வந்து நின்னுக்கினு அழுதேன்.”

“சரிண்ணா, நல்லா இருக்கட்டும்” என்று வைத்துவிட்டேன். தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற கதையாக, அப்புறம் கணக்குப் போட ஆரம்பித்தேன். அவள் வேகம் எனக்குத் தெரியும். வீட்டு வேலை, எண்ணெய்க் குளியல், படையல் எல்லாம் போக, நாளைக் காலைக்குள் பாதியைத் தாண்டுவாளா? பையனுக்கு ஜுரம் வருவது நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில். எல்லாத் தெய்வத்தையும் வேண்டிக்கொண்டேன், அவள் ஊரில் கரண்ட் போகட்டும், விருந்தாளி வரட்டும், அவள் மூக்குக்கண்ணாடி உடையட்டும் என்று.

தீபாவளியன்று காலை, தலை காயக்கூட இல்லை, கிளம்பிவிட்டேன். ஆம்பூரிலிருந்து வாணியம்பாடி, அங்கிருந்து இன்னொரு பஸ்ஸில் நாட்றம்பள்ளி. பையில் முறுக்கு. அதற்கடியில் யாரும் சாகாத ஒரு சிரிப்புப் புத்தகம். இரண்டு தடவை முழுசாகப் புரட்டிச் சரிபார்த்திருந்தேன். வழியெல்லாம் பொய்யைத் தயார் செய்துகொண்டே போனேன்.

அவள் பின்கட்டில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். மடியில் புத்தகம், திறந்தபடி.

“இன்னாடி, பண்டிக நாள்ல?”

“சும்மாதான். முறுக்கு குடுத்துட்டுப் போலாம்னு.”

“முறுக்கு குடுக்க ரெண்டு பஸ்ஸு மாறி வந்தியா?”

“அந்த புக்குல பக்கமெல்லாம் மாறியிருக்குதாம். டிஃபெக்ட் பீஸ். வேற ஒண்ணு கொண்டாந்திருக்கேன். அத்தக் குடு, மாத்திட்டு வர்றேன்.”

அவள் புத்தகத்தைக் கொடுக்கவில்லை. “பதினஞ்சு வருஷமா லைன்ல இத்தவிட நல்ல பொய்யெல்லாம் கேட்டிருக்கேன்,” என்றாள். பிறகு திறந்திருந்த பக்கத்தில் விரலை வைத்தாள். “பையன் நனைஞ்சிக்கினு வந்து நிக்கறான். நெத்தி சுடுதுன்றா அவங்கம்மா. நேத்து சாயந்தரத்திலேர்ந்து இந்தப் பக்கத்துலயே நிக்கறேன். மேல திருப்ப முடியல. நீ படிச்சவ. சொல்லு, பொழச்சிப்பானா?”

பிழைத்துவிடுவான் என்று சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் அதை நம்பித்தானே அவள் அடுத்த பக்கத்தைத் திருப்புவாள்!

“இல்ல,” என்றேன்.

அதற்குமேல் என்னால் முடியவில்லை. “மறந்துட்டேன்டி. சத்தியமா மறந்தே போய்ட்டேன். உனக்குப் போய் இதச் சொல்லிட்டேனே” என்று அழுதேன். அவள் என்னைத் திட்டவில்லை. சமாதானப்படுத்தவும் இல்லை. தெருவில் சரவெடி ஒன்று வெடித்து ஓய்ந்தது.

“எம்புள்ளையும் இப்படித்தான்,” என்றாள் திடீரென்று. நான் அழுகையை நிறுத்திவிட்டேன். மூன்று வருஷத்தில் அந்த வார்த்தையை அவள் வாயிலிருந்து கேட்டதில்லை. “கடன் சொல்லிட்டு இட்லி துன்றவன இந்தப் பையன் பேர் வச்சிக் கூப்புடறான் பாரு. எம்புள்ள எங்க மாமியாருக்கே பேர் வச்சான். இன்னா பேர்னு உன்னாண்ட சொல்லியிருக்கேனா?”

“இல்லயே.”

சொன்னாள். இங்கே எழுதுகிற மாதிரியான பேர் இல்லை அது. இரண்டு பேரும் சிரித்தோம். உள்ளேயிருந்து அவள் வீட்டுக்கார அண்ணன் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

சிரித்து முடித்ததும் அவள் புத்தகத்தை என் பக்கம் நீட்டினாள். “இந்தப் பக்கத்துக்கு மேல எல்லாத்தையும் கிழிச்சி எடுத்துக்கோ. எனக்குக் கை வரல. இங்க வரைக்கும் அவன் நல்லாதான் இருக்கான். எனக்கு இது போதும்.”

புத்தகத்தின் ஓரத்தை மடித்தால்கூட ஆளைக் கடிக்கிறவள் நான். முதுகை விரித்து, நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்துக்குப் பிறகு கட்டை விரலை வைத்து இழுத்தேன். பசை விட்டுக்கொடுக்கவில்லை. அவள் முன்பாதியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் சேர்ந்துதான் கிழித்தோம்.

கிழித்ததைப் பையில் வைத்தேன். சிரிப்புப் புத்தகத்தை எடுத்து நீட்டினேன். அதை அவள் வாங்கவில்லை. வாசல் வரை வந்து வழியனுப்பும்போதுதான் சொன்னாள்: “கிழிச்சதத் தூக்கிப் போட்டுடாத. என்னிக்காவது கேப்பேன்.”

அவள் முன்பாதியை மூன்றாவது தடவையாகப் படித்துக்கொண்டிருக்கிறாள் என்று அண்ணன் பொங்கலுக்குச் சொன்னார். பின்பாதியை என்னிடம் அவள் இன்னும் கேட்கவில்லை. லைனில் எதற்காவது அவள் என் டேபிளை நோக்கி வந்தாலே, குனிந்து கையில் இருக்கிற ஷூவைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். கேட்டால் கொடுத்துத்தான் ஆக வேண்டும். கொடுத்துவிட்டு, அவள் படித்து முடிக்கிற வரைக்கும் பக்கத்திலேயே உட்கார வேண்டும். அதற்கு எனக்குத் தைரியம் வருமா என்று தெரியவில்லை.