முத்துமாலைக்கு ஒரு தீக்குச்சி

சிவகாசியில் காலண்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் நன்னீர் முத்துகளை வாங்கி மாலை கோத்து விற்கிறேன். சிப்பிக்குள் வளர்த்தெடுக்கிற அசல் முத்துதான்.

பக்கத்துத் தெரு செல்வி மதினி, மகள் நிச்சயதார்த்தத்துக்கு ஒரு மாலை கேட்டிருந்தார். கொண்டுபோய்க் கொடுத்ததும் அவர் வீட்டுக்காரர் அதை வாங்கிக்கொண்டு, சட்டைப்பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்தார்.

"அசல் முத்துன்னா தீயில வச்சாலும் ஒண்ணும் ஆகாது."

எனக்கும் ஒரு வீம்பு. "வச்சுப் பாருங்கண்ணே" என்று சொல்லித் தொலைத்தேன்.

குச்சி விரலைச் சுடும்வரை பிடித்தார். முத்து பழுப்பேறியது. நைலான் நூல் உருகி அறுந்து, முத்துகள் தரையெங்கும் ஓடின.

"நாத்தத்தப் பாத்தீகளா தங்கச்சி. பிளாஸ்டிக்கக் கொண்டாந்து எங்க தலையில கட்டப் பாக்குறீக."

நாறியது நூல். அசல் முத்தும் தீயில் பழுப்பேறத்தான் செய்யும். எனக்கு ரத்தம் கொதித்தது. இரண்டு முத்தைப் பொறுக்கி மதினியிடம் கொடுத்தேன்.

"ஒண்ணோட ஒண்ணு உரசிப் பாருங்க மதினி. மணலு மாதிரி நறநறங்கும். பிளாஸ்டிக்குன்னா வழுக்கிக்கிட்டுப் போகும்."

மதினி உரசிப் பார்த்துவிட்டுக் கணவரை முறைத்தார். அவர் தீப்பெட்டியைச் சட்டைப்பைக்குள் திணித்துக்கொண்டார்.

என்னால் ஆறவே முடியாதது வேறொன்று. அந்த மனிதர் பட்டாசு கம்பெனியில் போர்மேன். தினமும் காலையில் வாசலில் நின்று, யாரிடமாவது தீப்பெட்டி இருக்கிறதா என்று சோதித்துத்தான் ஆட்களை உள்ளே விடுவார்.

இப்போது மாலை வாங்க வருகிறவர்களிடம் இரண்டு உதிரி முத்தைக் கொடுத்து உரசிப் பார்க்கச் சொல்கிறேன். அதற்கும் முன்னால், வாசலிலேயே தீப்பெட்டியை வாங்கி வைத்துவிடுகிறேன். போர்மேன் வந்தாலும் அதேதான்.