நூற்றிருபத்தெட்டுக்கு மேலே

எண்பதுகளின் பின்பாதியில் நாமக்கல்லில் ஒரு கோழித் தீவன ஆலையில் கம்ப்யூட்டர் வாங்கினார்கள். அதை இயக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்பதால் எனக்குத் தலைகால் புரியவில்லை. கண்ணாடி அறை, குளிர்சாதனம், முதலாளியே செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வருவார். கொஞ்ச நாள் நானும் பெரிய ஆளாகத் திரிந்தேன்.

முதல் வேலை சீட்டு அச்சடிப்பது. கோழிக்கு எந்த நாளில் தடுப்பு மருந்து கொடுக்க வேண்டும் என்பதை அதுவரை லாரி டிரைவர்கள்தான் தீவன மூட்டை இறக்கும்போது பண்ணைக்காரர்களிடம் வாயால் சொல்லிவந்தார்கள். இனி அது தமிழில் அச்சாகி மூட்டையோடு போகும். என் அத்தைக்கு, அப்பாவின் அக்காவுக்கு, மோகனூர் பக்கம் ஐந்நூறு கோழிகள் இருந்தன. மாமா போன பிறகு அந்தக் கோழிகள்தான் அவருக்குச் சோறு போட்டன. மூன்றாம் வகுப்பு வரை படித்தவர். எழுத்துக் கூட்டித் தமிழ் வாசிப்பார்.

"இனிமேலுக்கு டிரைவரு சொல்றதுக்காகக் காத்துக் கெடக்க வேண்டாங்கத்தை. சீட்டைப் படிச்சா தெரிஞ்சு போகும்" என்று பெருமையடித்துவிட்டு வந்தேன்.

கம்ப்யூட்டருக்கு எழுத்து என்று ஒன்று கிடையாது, எல்லாம் எண்தான். ஆங்கில எழுத்தும் புள்ளியும் கமாவும் நூற்றிருபத்தேழுக்குள் முடிந்துவிடும். அதற்கு மேலே, எங்களுக்குத் தேவைப்படாத கோடுகளும் கட்டங்களும் இருந்த எண்களில், தமிழ் எழுத்துகளைக் குடிவைத்திருந்தேன். எங்கள் மெஷினில் ஒழுங்காகவே ஓடியது. தேதிக் கணக்கில் மட்டும் ஏதோ பிழை. புரோகிராமை பிளாப்பியில் போட்டுக்கொண்டு சேலத்துக்குப் பஸ் ஏறினேன். அங்கே ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் யூனிக்ஸ் மெஷின் இருந்தது. எங்களுடையது டாஸ், வேறு வகை. விவரமானவர்கள் அரை மணியில் பிழையைத் திருத்திக் கொடுத்தார்கள். ஊருக்கு வந்ததும் பழைய ஃபைலின் மேலேயே புதியதை ஏற்றினேன். தனியாக ஒரு நகல் வைத்துக்கொள்ள வேண்டும் என்று தோன்றவே இல்லை.

திறந்து பார்த்தால் ஒரு வரி தமிழ் இல்லை. சேலத்து மெஷின் நூற்றிருபத்தேழுக்கு மேல் எந்த எண்ணையும் ஒத்துக்கொள்ளாதாம். அப்படி வந்த ஒவ்வொன்றிலிருந்தும் சத்தமில்லாமல் நூற்றிருபத்தெட்டைக் கழித்துவிட்டிருந்தது. தமிழ் முழுக்க ஆங்கிலக் குப்பையாகி, நிஜமான ஆங்கிலத்தோடு கலந்து கிடந்தது. பிரித்தெடுக்க வாரக்கணக்கில் ஆகும். லாரிகளோ மறுநாள் காலை கிளம்ப வேண்டும்.

"இங்கிலீசுலயே அடிச்சு உடுங்க தம்பி. இன்னைக்கு எந்த ஊட்டுல படிச்ச புள்ளை இல்லை?" என்றார் மேனேஜர்.

ஆங்கிலத்திலேயே அடித்துக் கொடுத்தேன். அத்தை வீட்டில் படித்த பிள்ளை இல்லை என்பது எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை நேரில் போய்ச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்து, வருகிறேன் என்று டிரைவரிடம் சொல்லியும் அனுப்பினேன்.

போகவில்லை. குப்பையிலிருந்து தமிழைப் பொறுக்கி எடுக்க உட்கார்ந்தவனுக்கு வேறு எதுவும் கண்ணில் படவில்லை. ஒரு வரி மீண்டு வந்தால் அடுத்த வரி. அந்த ஞாயிறும் போனது, அதற்கடுத்த ஞாயிறும் போனது. வேலை முடிந்த அன்று முதல் சீட்டை அத்தை பெயருக்கு அடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மோகனூர் பஸ்ஸைப் பிடித்தேன்.

கோழிக் கொட்டகையில் சத்தமே இல்லை. தரை முழுக்கச் சுண்ணாம்புத் தூள் தூவியிருந்தது. அத்தை வாசலில் உட்கார்ந்து தண்ணீர்த் தட்டுகளைக் கழுவி அடுக்கிக்கொண்டிருந்தார்.

"வெள்ளைக் கழிச்சல் நோவு சாமி. நாலே நாளு, அத்தனையும் போச்சு" என்றார்.

"மருந்து குடுக்கற நாளை டிரைவர் சொல்லலீங்களா?"

"கேட்டேன். எல்லாம் சீட்டுல இருக்குதுங்கன்னுட்டுப் போயிட்டான்."

"அக்கம்பக்கத்துல யாருகிட்டயாவது காட்டியிருக்கலாமுங்கத்தை." அப்படிக் கேட்ட வாயை இன்றைக்கும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

அத்தை கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். முருகன் படத்துக்குப் பின்னால் இருந்து பிளாஸ்டிக் பையில் சுற்றிய சீட்டை எடுத்து வந்தார். கசங்கக்கூட இல்லை.

"நீதான் ஞாயித்துக்கெழமை வாரேன்னு சொல்லியுட்டியே. எம் மருமவன் அடிச்ச காயிதம், அவன் வாயாலயே கேட்டுக்கலாம்னு வெச்சிருந்தேன்."

குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"இப்பப் படி சாமி. என்ன போட்டிருக்குது?"

படித்தேன். புதன்கிழமை காலையில் மருந்தைத் தண்ணீரில் கலந்து கொடுக்க வேண்டும் என்று போட்டிருந்தது. அது நான் வருவதாகச் சொன்ன ஞாயிறுக்கு அடுத்த புதன். எந்தப் புதன் என்று அத்தை கேட்கவில்லை. தலையை ஆட்டிவிட்டு, மறுபடி தட்டுகளைக் கழுவ உட்கார்ந்தார். தமிழ்ச் சீட்டு என் சட்டைப்பையிலேயே இருந்தது.