அரையணா அட்டை

யுத்த காலத்தில் நானும் பணம் அச்சடித்தேன். சிரிக்காதீர்கள், உண்மைதான்.

மொரப்பூர் ஸ்டேஷனுக்கு எதிரே எங்கள் இட்லிக் கடை. ஊரில் சில்லறை அடியோடு மறைந்துபோயிருந்தது. சாப்பிட்டவர் ஒரு ரூபாய் நோட்டை நீட்டினால் மீதி கொடுக்க எங்களிடம் காலணாகூட இருக்காது. "சில்லறை இல்லீங்க" என்று சொல்லிச் சொல்லியே என் வீட்டுக்காரருக்குத் தொண்டை கட்டிவிட்டது. நான்தான் வழி சொன்னேன். சிகரெட் பெட்டி அட்டையைச் சதுரமாக வெட்டி, நீல மையில் ஒரு சின்னக் கோலம் போட்டேன். ஓர் அட்டை அரையணா. மீதிக்குப் பதில் அதைக் கொடுத்தோம். எப்போது கொண்டுவந்தாலும் அரையணாவுக்கு இட்லி.

எங்கள் கடையோடு நிற்கும் என்றுதான் நினைத்தேன். வெற்றிலைக்காரர் வாங்கினார், சவரம் செய்பவர் வாங்கினார், சந்தையில் கத்தரிக்காய்க்கும் செல்லுபடியானது! நான் போட்ட கோலம் ஊரில் காசாகச் சுற்றுகிறது என்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. தெருவில் நடக்கும்போதே ஒரு மிடுக்கு வந்துவிட்டது.

ஒரு சந்தை நாளில் கொட்டியது பாருங்கள் மழை! விட்டதும் பாதிச் சந்தை எங்கள் வாசலில் நின்றது. எல்லார் கையிலும் வெற்று அட்டை. கோலம் கரைந்தே போயிருந்தது.

"வெறும் அட்டைக்குக் குடுத்தா ஊருல இருக்கிற சிகரெட் பொட்டி அத்தனையும் இங்க வந்துடும் புள்ள" என்று வீட்டுக்காரர் கையைப் பிசைந்தார். கொடுக்காவிட்டால் எங்கள் பேச்சை நாளைக்கு யார் நம்புவார்கள்?

அதற்குள் ஒருவர் இடுப்பு மடிப்பைப் பிரித்தார். "இங்க பாருங்கக்கா!" வெள்ளை வேட்டியில் என் கோலம் நீலமாக ஒட்டிக்கொண்டிருந்தது. எனக்குக் கைதட்டத் தோன்றியது. அப்புறம் என்ன, ஆளாளுக்கு மடியைப் பிரித்தார்கள். கறையைப் பார்த்துப் பார்த்து இட்லி வைத்தேன். வாசலில் ஒரே சிரிப்பு.

கடைசியாக வந்தவர் சித்தேரி மலையிலிருந்து புளி கொண்டுவந்த அம்மா. கொண்டுவந்த புளி முழுவதையும் விற்று, ஒரு கட்டு அட்டையாக வாங்கி வைத்திருந்தார். கட்டியிருந்ததோ கறுப்புச் சேலை, கறை தெரிந்தால்தானே! முந்தானையை இப்படியும் அப்படியும் திருப்பித் திருப்பிக் காட்டினார். இட்லியும் தீர்ந்திருந்தது. வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். எனக்குப் பொறுக்கவில்லை. கல்லாவிலிருந்து முழுசாக ஒரு ரூபாய் நோட்டை எடுத்து நீட்டினேன்.

அவர் வாங்கவில்லை. நோட்டில் இருந்த ராஜாவின் முகத்தை உற்றுப் பார்த்தார்.

"இந்தாள எனக்குத் தெரியாதும்மா. இவன நான் எங்க போயி தேடுறது? நீயே மறுபடி போட்டுக் குடு. அடுத்த சந்தைக்கு வந்தா நீ இங்கதான இருப்ப?"

"இருப்பேன் ஆத்தா" என்றேன். ராஜாவைக் கல்லாவில் போட்டு மூடிவிட்டு மைக்கூட்டைத் திறந்தேன். சந்தோஷத்தில் முதல் கோலமே கோணலாகிப் போனது.